முஸ்தபா பாயின் யானை விளக்கு

பேய்ப் படம் என்றால் முஸ்தபா பாய்க்கு ஆகாது. பயம் என்று நினைத்துவிட வேண்டாம். படத்தில் காட்டுகிற இடங்கள்தான் அவருக்குப் பொறுக்காது. “காட்டுக்குள்ள ஒத்தை ஊடுங்கறான். சரிங்க, இருக்கட்டும். அந்த ஊட்டுக்குப் பால் எங்கிருந்துங்க வருது? சிலிண்டரை யாருங்க தூக்கியாந்து போடறது? இந்த மழைக்குத் துணி எங்க காயப்போடறாங்க?” என்று டீ குடிக்க வருகிறவர்களைப் பிடித்துக்கொள்வார். வால்பாறையிலிருந்து பதினாறு கிலோமீட்டர் உள்ளே, சாரல்முடி எஸ்டேட் பிரிவில், முன்னால் ரோடும் பின்னால் தேயிலையும் அதற்குப் பின்னால் காடுமாக இருக்கிற ஒரு தகரக் கூரைக் கடையில் முப்பத்தெட்டு வருஷமாக டீ ஆற்றுகிறவர். கேட்க உரிமை உள்ளவர்தான்.

அப்படிப்பட்டவர் போன தை மாதம் ஒரு பேய்ப் படத்தில் நடித்தார். அதுவும் நன்றாகவே நடித்தார். பஸ்ஸில் வருகிறவர்கள் யாராவது, “பாய், போன்ல பாத்தேனுங்க, அசத்திப்போட்டீங்க” என்றால் மனிதர் முகம் செத்துவிடுகிறது. பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விடுகிறார்.

அவர் பிறந்தது கோயமுத்தூர் கோட்டைமேட்டில். அப்பா டவுன்ஹால் பக்கம் குடை ரிப்பேர் செய்தவர். ஒரே கூடமும் அடுப்படியும் உள்ள வீட்டில் பதினோரு பேர். ஏழு பிள்ளைகளில் முஸ்தபா ஐந்தாவது. தூங்கும்போது யாருடைய காலாவது மேலே கிடக்கும், யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள், இரண்டு சந்து தள்ளி ஒரு வீட்டில் சண்டை நடந்தால் அதுவும் காதில் விழும். இருபத்திரண்டு வயதில், வால்பாறையில் பேக்கரி வைத்திருந்த தாய்மாமா, “ரெண்டு மாசம் வந்து ஒத்தாசை பண்ணுடா” என்று கூப்பிட்டார். போனவர் போனவர்தான். பேக்கரியிலிருந்து பிரிந்து சாரல்முடிக்கு வந்து சொந்தமாகக் கடை போட்டார். வந்த புதிதில் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் பழகுவதற்கு அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது. பழகிவிட்டதாக மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் பழகவே இல்லை. கடையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளாகப் பேச்சில் நுழைந்துவிடுவார், குடித்து முடித்தவர் எழுந்தால் “அதுக்குள்ள என்னங்க அவசரம்” என்பார்.

ரம்லாவைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்தபின் வீடு வீடாக இருந்தது. மகள் ரிஃபானா பிறந்து, வால்பாறைப் பள்ளிக்கூடத்தில் படித்து, கோயமுத்தூரில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது பார்த்துக்கொள்ளப் போன ரம்லாவுக்கு மூட்டுவலி. மலைக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாசம் என்று போனது வருஷங்களாகிவிட்டது. பாய் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கீழே போய்விட்டு வருவார். மற்ற நாளெல்லாம் அவரும் கடையும்தான்.

இந்தச் சமயத்தில்தான் யானை விளக்கு வந்தது. சாரல்முடியில் யானை நடமாட்டம் அதிகம். ரோட்டு வளைவில் உயரமான இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் சிவப்பு விளக்கு ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்குள் ஒரு சிம் கார்டு. பதிவு செய்த போனிலிருந்து கூப்பிட்டால் எரியும், மறுபடி கூப்பிட்டால் அணையும். நாலைந்து பேர் நம்பரைப் பதிவு செய்தார்கள். ஒருவர் எஸ்டேட்டை விட்டுப் போனார், ஒருவர் நம்பரை மாற்றினார், இன்னொருவருக்குப் போன் எடுக்கவே சோம்பல். கடைசியில் விளக்கு முஸ்தபா பாயின் கையில் நின்றது. காட்டுக்குள் யானைக் கூட்டத்தைப் பின்தொடர்கிற வாட்சர் லட்சுமிநாராயணன் போன் செய்வார். பாய் விளக்கைப் போடுவார். கூட்டம் தாண்டிப்போனதும் மறுபடி போன் வரும், பாய் அணைப்பார்.

விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். தேயிலைக் காட்டில் இருப்பவர்கள் பாதையில் இறங்க மாட்டார்கள். ரோட்டுக்குக் கீழே அரை கிலோமீட்டரில் இருக்கிற தொழிலாளர் வீடுகள், அதைக் கீழ் லைன் என்பார்கள், அங்கே கதவையெல்லாம் சாத்திவிடுவார்கள். டிவியை நிறுத்திவிடுவார்கள், கூப்பிட்டுப் பேச மாட்டார்கள், எது தட்டினாலும் திறக்க மாட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் விளக்கு அணைகிறவரை பாய் கடையில் உட்கார வேண்டியதுதான்.

பாய்க்கு ருசி கண்டுபோனது இங்கேதான். விளக்கு எரிகிற நேரம் கடை கல்யாண வீடு. பெஞ்சில் இடமில்லாமல் சாக்கு மூட்டை மேலெல்லாம் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே யானை, உள்ளே சூடான டீ, நடுவில் முஸ்தபா பாய். அவர் கதை சொல்ல ஆரம்பிப்பார். எந்த யானை, தந்தமுள்ள கொம்பனா பிடியா, எத்தனை உயரம், போன வருஷம் யாரை எங்கே விரட்டியது, இப்போது எந்த மரத்தடியில் நிற்கிறது என்றெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவரைப்போலச் சொல்வார். கேட்கிறவர்கள் கண் விரியும், பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள், யானைக் கூட்டம் போய்விட்டது என்று வாட்சர் போன் செய்தபோது கதை நல்ல கட்டத்தில் இருந்தது. முடித்துவிட்டு அணைக்கலாம் என்று விட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தரம் பத்து நிமிஷம் விட்டார். பிறகு கால் மணி, அரை மணி என்று அது வழக்கமாகிவிட்டது. யானை விஷயம், கொஞ்சம் கூடவே பொறுத்தால் நல்லதுதானே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் ஒரு நாள் பகல் மூன்று மணிக்கு விளக்குப் போட்டார். நாலரை மணி பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். அதில் ஒருத்தி லோகப்பிரியா, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். கீழ் லைனில் கடைசி வீடு. அப்பா எப்போதோ கேரளாப் பக்கம் போய்த் திரும்பாதவர். அம்மா ரங்கநாயகி கொழுந்து பறிக்கிறவள். அவளுக்கு மூச்சுத் திணறல் உண்டு. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே படுத்திருந்தாள். வாயில் வைத்து இழுக்கிற மருந்து தீர்ந்துபோய், மகளை வாங்கிவரச் சொல்லியிருந்தாள். மருந்து லோகப்பிரியாவின் புத்தகப்பைக்குள் இருந்தது.

“பாய் மாமா, அம்மாவுக்கு காலைல இருந்தே முடியலைங்க. ஓரமா ஓடிப் போயிரட்டுங்களா?” என்று கேட்டாள்.

“உக்காரு கண்ணு. லைட் எரியுதல்ல. கொம்பன் ஓடைக்கிட்ட காதை விரிச்சுட்டு நிக்குது” என்றார் பாய். ஒரு பன்னை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் உட்கார்ந்தாள். அஞ்சு மணி ஐந்து நிமிஷத்துக்கு விளக்கு அணைந்தது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ரங்கநாயகி வாசற்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிடந்தாள். உயிர் போயிருந்தது.

ஒட்டின வீட்டு வெங்கடம்மாள் பிறகு சொல்லிச் சொல்லி அழுதாள். நாலே முக்கால் வாக்கில் ரங்கநாயகி வீட்டுப் பக்கத்துச் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டதாம். யானைதான் வந்து முதுகை உரசுகிறது என்று நினைத்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாளாம். ஊரே யானையைத் திட்டியது. விதியைத் திட்டியது. கீழ் லைனில் இருந்தவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே குடியேற்றினார்கள், லைன் காலியாகிவிட்டது. லோகப்பிரியாவைக் கோயமுத்தூரில் இருந்த பெரியம்மா கூட்டிக்கொண்டு போனாள்.

வாட்சர் லட்சுமிநாராயணன் மட்டும் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஏனுங்க பாய், நான் நாலு இருவதுக்கே சொன்னனே?”

“பாதியில கட்டாயிருச்சுங்க. சிக்னல் இல்லை” என்றார் பாய். அந்த மலையில் சிக்னல் இல்லை என்றால் நம்பாதவர் கிடையாது. வாட்சரும் நம்பினார்.

இதற்கப்புறம் முஸ்தபா பாய் போன் வந்த மறு நிமிஷம் விளக்கை அணைத்தார். கதை சொல்வதையும் விட்டார். வயசாகிவிட்டது, பாவம், என்று ஜனங்கள் சொன்னார்கள்.

போன தை மாதம் ஒரு வேன் வந்து கடை முன்னால் நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள். ஒரு கேமரா, இரண்டு விளக்கு, சத்தம் பதிகிற ஒரு பெட்டி. படக் கம்பெனியே அவ்வளவுதான். தலைவன் தேஜா, பீளமேட்டுக்காரன், இருபத்தெட்டு வயது, கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கக் கிளம்பியவன். கீழ் லைனில் ஒரு பேய்ப் படம் எடுக்க அனுமதி வாங்கி வந்திருந்தான். பாய் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் டீ போட்டார். அவன் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, “ஏனுங்க பாய், இங்க பால் எத்தனை மணிக்குங்க வரும்?”

பாய்க்கு அந்த நிமிஷமே அவனைப் பிடித்துப்போனது. பையனுக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிவந்த ஒட்டடைப் பஞ்சை வீட்டுக்குள் தொங்கவிடப்போன ஆளை, “எடுங்க அதை. நிஜ ஒட்டடையே அஞ்சு கிலோ கிடக்குது” என்று விரட்டினான். அட்டைப்பூச்சி கடிப்பதற்கு நிஜ அட்டைப்பூச்சி, சுவரில் நிஜப் பாசி, அடுப்பில் நிஜச் சோறு. பேயைக் காட்டப்போவதே இல்லை, சுவரில் தட்டுகிற சத்தம் மட்டும்தான் என்றான். “பேய் பொய்யா இருந்துட்டுப் போகட்டுங்க. ஊடு பொய்யா இருக்கக் கூடாது” என்றான். சுவரில் தட்டுகிற சத்தம் என்று கேட்டதும் பாய் பால் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் வேனின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் காகிதம் செருகிய அட்டையும் பேனாவுமாக இறங்கி வந்தாள். “பாய் மாமா, என்னைத் தெரியுதுங்களா?” என்றாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். லோகப்பிரியா. காலேஜில் சினிமாப் படிப்பு முடித்துவிட்டுத் தேஜாவிடம் உதவி இயக்குநராக இருக்கிறாளாம். கதையே அவளுடையதுதான்.

“தெரியாம என்ன கண்ணு” என்றார் பாய். அவளுக்குச் சர்க்கரை அதிகம் போட்டு டீ ஆற்றினார். கையில் கொடுக்காமல் டம்ளரை மேஜை மேல் வைத்து நகர்த்திவிட்டார்.

மூன்றாம் நாள், லோகப்பிரியா சாமான் வாங்க வால்பாறை போயிருந்தபோது, தேஜா ஒரு நோட்டோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பொள்ளாச்சியில் இப்போது தேங்காய் மண்டியில் இருக்கிற லட்சுமிநாராயணனைத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறான். அசலுக்கு அலைகிறவன் அதையும் விடுவானா?

“பாய், ஒரு சிக்கலுங்க. யானைக் கூட்டம் நாலு இருவதுக்கே ஆத்தைக் கடந்துருச்சுன்னு அவரு நோட்டுல எழுதி வெச்சிருக்காரு. லைட் அணைஞ்சது அஞ்சு அஞ்சு. நடுவுல முக்கால் மணி நேரம் ஏன் எரிஞ்சுது? படம் பாக்கறவன் கேப்பானுங்க.”

பாய் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, “சிக்னல் கிடைக்கலைங்க தம்பி” என்றார்.

தேஜா தலையில் அடித்துக்கொண்டான். “அவரும் அதைத்தாங்க சொன்னாரு. நெசமாவே இருக்கலாம். ஆனா சினிமாவுல வெச்சா சிரிப்பாங்க. எல்லாப் பேய்ப் படத்துலயும் சிக்னல் இல்லைங்கறதுதானுங்க முதல் பொய்யே.” கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தான். “விடுங்க. விளக்கைப் பேய் அணைக்க விடலைன்னு வெச்சுக்கலாம். அந்த ஓட்டையைப் பேய் அடைச்சுக்கும். பிரியாகிட்ட மட்டும் இந்த நாலு இருவதைச் சொல்லிப்போடாதீங்க. கடைசி வரைக்கும் யானை அங்க நின்னுச்சுன்னுதான் அது நினைச்சுட்டிருக்குது.”

பாய் தலையாட்டினார். தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, இல்லாத பேயின் தலையில் தன் பாவத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக டீ ஆற்றுகிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் டீக்கடைக் காட்சி. டீக்கடைக்காரராக அவரே நடிக்க வேண்டும் என்று தேஜா ஒற்றைக்காலில் நின்றான். “வேற ஆளைப் போட்டா டம்ளர் பிடிக்கறதுலயே தெரிஞ்சிரும்” என்றான். மாட்டேன் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. லோகப்பிரியாவாக நடிக்கிற ஹாரிகா பள்ளிக்கூடச் சீருடையில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஓடிப் போயிரட்டுமா என்று அவள் கேட்க வேண்டும். பாய் பதில் சொல்ல வேண்டும். ஒரே வரிதான்.

அந்த ஒரு வரி அவர் வாயிலிருந்து வரவில்லை. முதல் தரம் வசனத்தையே மறந்துபோனார். இரண்டாவது தரம் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். ஐந்தாவது தரம் “உக்காரு” என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். பதினோரு தரம் எடுத்தார்கள்.

“பாய், வசனமா நினைக்காதீங்க. அன்னைக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படியே சொல்லுங்க போதும்” என்றான் தேஜா. சொல்லிவிட்டு அவனுக்கே அலுத்துப்போய், பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்தான்.

பாய் உள்ளே போய் அடுப்புப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். லோகப்பிரியா பின்னாலேயே வந்தாள். தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

“கஷ்டமா இருக்குதுங்களா மாமா? எனக்குத் தெரியும்ங்க. இந்தக் காட்சியை எழுதறப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.” அவள் கீழே, மூட்டை மேல் உட்கார்ந்தாள். “பெரியம்மா ஊட்டுல எல்லாரும் என்னைக் கேப்பாங்க. மருந்தைக் கையில வெச்சுட்டு அரை மணி நேரம் எப்படிடி பன்னைத் தின்னுட்டு உக்காந்திருந்தேன்னு. நான் சொல்லுவேன், பாய் மாமா தடுக்கலைன்னா அன்னைக்கு ரெண்டு உசுரு போயிருக்கும்னு. அதை நினைச்சுத்தானுங்க மாமா நான் தூங்கறதே. படம் முடிஞ்சு பேரு ஓடறப்ப முதல்ல உங்க பேரைத்தான் போடச் சொல்லியிருக்கேன்.”

முஸ்தபா பாய் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவளுக்கும் தூக்கம் மிஞ்சியிருக்கும். இத்தனை நாளும் அவர் தன்னிடம் சொல்லிவந்த நியாயமும் அதுதான்: உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். ஆனால் தன் பேரை முதலில் போடப்போகிறாள் என்று கேட்டபின், அந்த நியாயம் தனக்காகச் சொல்லிக்கொண்டது என்று அவருக்குப் பட்டுவிட்டது.

“யானை இல்லை கண்ணு” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

“நீ பஸ்ஸை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே போயிருச்சு. நாலு இருவதுக்கு வாட்சர் போன் பண்ணிப்போட்டாரு. நல்லாத்தான் கேட்டுச்சு. சிக்னல் எல்லாம் இருந்துச்சு. நான்தான் அணைக்கலை.”

“ஏனுங்க மாமா?”

போலீஸ்காரன் கேட்டிருந்தால் ஏதாவது புளுகியிருப்பார். “கடை நிறைய ஆளு இருந்துச்சு. கதை சொல்லிட்டு இருந்தேன். அணைச்சா எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க… ராத்திரி முச்சூடும் என்ற ஊட்டுல தகரச் சத்தம் மட்டுந்தான் கண்ணு. கொஞ்ச நேரம் சனம் இருந்தா நல்லா இருக்கும்னு… எப்பவும் அப்படித்தான் செய்வேன். யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லை.”

“நான் கேட்டனே. அம்மாவுக்கு முடியலைன்னு சொன்னனே.”

“சொன்னே. உங்கம்மாவுக்கு எப்பவும் வர்றதுதானேன்னு நினைச்சேன். அப்பத்தான் எல்லார்கிட்டயும் கொம்பன் நிக்குதுன்னு சொல்லி வாயை மூடினேன். உடனே லைட்டை அணைச்சா, புளுகுன்னு தெரிஞ்சு போயிருமேன்னு…”

“காதை விரிச்சுட்டு நின்னுச்சுன்னீங்களே.”

“நானாச் சொன்னது கண்ணு.”

லோகப்பிரியா அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். “நான் ஓடியிருந்தா பத்து நிமிஷம்” என்றாள், அவரிடம் சொல்வதுபோல் இல்லை. பிறகு, “இதை யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“ரம்லாகிட்டகூடச் சொல்லலை.”

அவள் எழுந்தாள். அறையட்டும், காறித் துப்பட்டும், ஊரைக் கூட்டட்டும் என்று பாய் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். அப்படி ஏதாவது செய்திருந்தால் அவருக்குக் கொஞ்சமாவது லேசாகியிருக்கும். அவள் சத்தமில்லாமல் வெளியே போனாள்.

வெளியே அவள் தேஜாவிடம் பேசுவது காதில் விழுந்தது. “அண்ணா, விளக்கை அணைக்க விடாம பேய் தடுக்குதுங்கற காட்சி வேண்டாங்க.”

“பின்ன எதுக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சுன்னு கேப்பாங்களே?”

“அவரு அணைக்கலை, அவ்வளவுதாங்க. கேட்டா கேக்கட்டும்.”

“நம்ப மாட்டாங்க பிரியா. சும்மா ஒருத்தர் அப்படி விடுவாரா?”

“விடுவாருங்க அண்ணா.”

தேஜா என்ன நினைத்தானோ, அதற்குமேல் கேட்கவில்லை. பாயை வரச் சொன்னார்கள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வந்து நின்றார். நிற்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பெண் கேமராவுக்குப் பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக நிற்கும்போது, போகிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தார்.

கேமரா ஓடுவதற்கு முன்னால் லோகப்பிரியா ஹாரிகாவிடம் போனாள். பையை அவள் தோளில் சரியாக மாட்டிவிட்டாள். பதினோரு தரமும் ஹாரிகா யானைக்குப் பயந்து நடுங்கிக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“பயந்து உக்காராதே ஹாரிகா” என்றாள் லோகப்பிரியா. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அவரு சொல்றாரல்ல, அதனால உக்காரு. அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டு உக்காரு.”

ஹாரிகா தலையாட்டினாள். கேமரா ஓடியது. ஹாரிகா பையைப் பிடித்துக்கொண்டு பாயின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். ஓரமா ஓடிப் போயிரட்டுங்களா?

“உக்காரு கண்ணு. லைட் எரியுதல்ல. கொம்பன் ஓடைக்கிட்ட காதை விரிச்சுட்டு நிக்குது” என்றார் முஸ்தபா பாய். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அன்றைக்குச் சொன்ன அதே பிரியத்தோடு வந்தது. கை தானாகப் பன்னை எடுத்து நீட்டியது.

ஹாரிகா அவரையே பார்த்துக்கொண்டு அதை வாங்கினாள். முகத்திலிருந்த பதற்றம் தணிந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பன்னைப் பிட்டு வாயில் போட்டாள்.

“ஓகே!” என்று கத்தினான் தேஜா. “இதுதாங்க பாய், இதுதான்!” எல்லோரும் கைதட்டினார்கள். லோகப்பிரியா குனிந்து அட்டையில் பன்னிரண்டு என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். கேமராவை நிறுத்திவிட்டார்கள். ஹாரிகா மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை, நிஜமாகவே பசியோ என்னவோ, தின்றுகொண்டிருந்தாள். முஸ்தபா பாய்க்கு ஓடிப்போய் அவள் கையிலிருந்த பன்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எந்திரி கண்ணு, ஓடு, அங்க ஒண்ணும் இல்லை, உங்கம்மா சுவத்தைத் தட்டிட்டு இருக்கா, ஓடு என்று அந்தப் பிள்ளையை விரட்ட வேண்டும்போல இருந்தது.